லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்துவிட்டதா? கண்டுபிடிப்பது முதல் மாற்றி முடிப்பது வரை

ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்பார்கள், அடுத்த பட்டறையில் ஸ்டியரிங் ராக் என்பார்கள். இரண்டுமே பெரிய செலவு. மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், பல சமயம் காரணம் லோயர் ஆர்மில் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) இருக்கும் ரப்பர் புஷ்தான். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சின்னப் பாகத்தைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி.

சொந்தக் கையால் வேலை செய்கிறவர்களுக்கும், பட்டறையில் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க நினைக்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல ஆசை. எந்தப் புஷ் போயிருக்கிறது என்று உறுதி செய்யாமல் எதையும் கழற்ற விடாதீர்கள். புதுப் புஷ்ஷின் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல புஷ் வாங்கிப் போட்டாலும் அதன் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும்.

புஷ் எப்படி வேலை செய்கிறது

ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, டியாகோ போன்ற சின்னக் கார்களில் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த) சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு லோயர் ஆர்ம் இருக்கும். அதன் வெளிமுனையில் பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டு), உள்பக்கம் முன்னால் ஒரு புஷ், பின்னால் ஒரு புஷ். இந்த மூன்று இடங்களில்தான் ஆர்ம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புஷ்ஷை எடுத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே ஒரு இரும்புக் குழாய். அது ஆர்முக்குள் பிரஸ் போட்டு ஏற்றப்பட்டிருக்கும். நடுவில் ரப்பர். உள்ளே இன்னொரு இரும்புக் குழாய். அதன் வழியாகத்தான் போல்ட் போகிறது. ரப்பர் இரண்டு குழாய்களோடும் வல்கனைஸ் செய்து ஒட்டப்பட்டிருக்கும்.

போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சப் ஃபிரேமோடு (எஞ்சினுக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டம்) அசையாமல் பூட்டிக்கொள்ளும். அது பேரிங் மாதிரி சுற்றாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் திரும்புகிறதே, அந்தத் திருப்பம் முழுவதையும் ரப்பர் தன் உடம்பை முறுக்கிக்கொண்டுதான் தாங்குகிறது. கீலும் அதுவே, சின்ன ஸ்பிரிங்கும் அதுவே. புஷ்ஷைப் பற்றிய பாதித் தவறுகள் இதைப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

முன்புஷ் பொதுவாக வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையைத் தாங்கும். பின்புஷ் பெரியது, மென்மையானது. பிரேக் போடும்போதும் பள்ளத்தில் சக்கரம் இடிக்கும்போதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த அடியை வாங்கிக்கொள்வது இந்தப் பின்புஷ். அதனால்தான் பெரும்பாலும் இதுவே முதலில் கிழிகிறது. சில வண்டிகளில் இதற்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். பல வண்டிகளில் ரப்பரில் வேண்டுமென்றே பிறை வடிவ இடைவெளிகள் விட்டிருப்பார்கள். இந்த இடைவெளிகளை நினைவில் வையுங்கள், சோதனை செய்யும்போது குழப்பும்.

பின்பக்கம் இந்த வகைக் கார்களில் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். அது உடலோடு சேரும் இடத்தில் இடது, வலது என இரண்டு பெரிய புஷ்கள். இவை போக, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் டி வடிவப் புஷ்கள், ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ்கள் என்று இன்னும் பல உண்டு.

ஏன் கெடுகிறது

வெயில், எஞ்சின் சூடு, காற்றில் இருக்கும் ஓசோன், ஓயாத முறுக்கல். இவை எல்லா ஊர் வண்டிக்கும் பொதுவானவை. நம் ஊருக்கென்று சில தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஸ்பீடு பிரேக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-ல் அளவு வகுத்தது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படியான மெல்லிய வளைவு. நம் தெருக்களில் ஊர்க்காரர்களே போட்டுவைத்த செங்குத்தான மேடுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முழ அகலத்தில் அதே உயரம் இருந்தால், சக்கரம் ஏறுவதில்லை, மோதுகிறது. அந்த மோதலை வாங்குவது பின்புஷ்.

அடுத்தது டீசல் வாஷ், ஆயில் ஸ்ப்ரே. வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்க என்று சொல்லி டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ அடிப்பார்கள். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் விஷம். ஊறி உப்பி, மெழுகு போலாகி, குழாயில் இருந்து பிரிந்து வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ கசிந்து ஆர்ம் மீது சொட்டினாலும் இதே கதிதான்.

கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக்காற்றில் போல்ட்டும் உள்குழாயும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டும்போது இது தெரியாது. கழற்றும்போதுதான் தெரியும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கத்து வண்டி என்றால் புதுப் போல்ட், நட்டையும் சேர்த்தே வாங்கிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகள்

சத்தம் மட்டுமே அறிகுறி என்று நினைக்காதீர்கள். சத்தமே இல்லாமல் கிழிந்த புஷ்களும் உண்டு.

பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக்கை விட்டதும் நேராகிறது என்றால் பின்புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். பிரேக்கில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கூடுதலாகப் பின்னே போவதால் அதன் திசை கொஞ்சம் மாறிவிடுகிறது. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, முன்னால் நகரும்போது ஒரே ஒரு கனமான ‘டொக்’ வந்தாலும் அதே சந்தேகம்தான். நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் வண்டி நேர்கோட்டில் நிற்காமல், கையால் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். லாரியைத் தாண்டும்போது முன்பக்கம் நீந்துவது போல இருக்கும்.

டயரைக் கவனியுங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிது போல இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம்) கெட்டிருக்கிறது. கெட்டதற்குக் காரணம் புஷ்ஷாக இருக்கலாம். இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. அலைன்மென்ட் கருவி வண்டியை நிற்கவைத்து அளக்கிறது. கிழிந்த புஷ் நிற்கும்போது அடங்கி உட்கார்ந்திருக்கும். ஓடும்போதும் பிரேக் போடும்போதும்தான் விலகும். அதனால் திரையில் எல்லா எண்களும் பச்சையில் காட்டும், டயரோ தொடர்ந்து தேயும். இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் டயர் உள்பக்கம் தேய்கிறது என்றால், மூன்றாவது முறை பணம் கட்டாதீர்கள். முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

வேறு எதுவாக இருக்கலாம்

சத்தத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் ‘டக டக டக’ என்று வேகமான, லேசான சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் முனையில் இருக்கும் சின்னத் தண்டான ஸ்டெபிலைசர் லிங்க். இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஸ்பீடு பிரேக்கரை நேராகக் கடந்து பாருங்கள். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாது, லிங்க்கின் சத்தம் குறைந்துவிடும். பிறகு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டுங்கள். சத்தம் திரும்ப வந்தால் லிங்க்கோ டி புஷ்ஷோதான்.

லேசாகப் பிரேக்கில் கால் வைத்தபடி அதே மோசமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது கடகடச் சத்தம் நின்றுவிடுகிறதா? அது பிரேக் பேடு ஆடும் சத்தம், சஸ்பென்ஷன் அல்ல. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போலக் கேட்டால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். கிளட்சை விடும்போதும் எஞ்சினை அணைக்கும்போதும் குலுங்கி இடித்தால் எஞ்சின் மவுண்ட். மேட்டில் ஏறி இறங்கிய பிறகு முன்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளிக்கொண்டே இருந்தாலோ, ஷாக்கின் வெளியுறையில் ஆயில் வழிந்திருந்தாலோதான் காரணம் ஷாக் அப்சார்பர்.

காலையில் ‘கீச் கீச்’ என்று வருகிற சத்தத்துக்கு, டி புஷ் இருக்கும் இடத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் உடனே அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால் இடம் உறுதியாகிவிட்டது. எண்ணெய் ஸ்ப்ரே அடித்துச் சோதிக்க வேண்டாம்.

படிப்படியாகச் சோதிப்பது

முதலில் பாதுகாப்பு. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்டு இல்லை என்றால் இந்தப் பகுதியில் முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு, மீதியை லிஃப்ட் இருக்கும் பட்டறையில் பாருங்கள்.

சோதனை ஒன்று, வண்டி தரையில் இருக்கும்போது. காலியான சமதளத்தில் நடக்கிற வேகத்துக்கு வண்டியை நகர்த்தி, சட்டென்று பிரேக் போடுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே மாதிரி. கூட வந்தவர் பக்கவாட்டில், எட்ட நின்று, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. நல்ல புஷ்ஷிலும் சக்கரம் கொஞ்சம் பின்னே போகும், அது இயல்பு. இரண்டு பக்கத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதலாகப் போய், கூடவே சத்தமும் வந்தால் அந்தப் பக்கப் பின்புஷ்தான்.

சோதனை இரண்டு, கண்ணால் பார்ப்பது. முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ்ஷைத் துணியால் துடைத்த பிறகு பாருங்கள். சேறு பூசிய புஷ் எல்லாமே நல்ல புஷ் போலத்தான் தெரியும். சக்கரம் தொங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்வதால் விரிசல்கள் வாய் திறக்கும். எடை இறங்கியதும் மூடிக்கொள்ளும். பிட்டில் (வண்டி சக்கரத்திலேயே நிற்க, அடியில் உள்ள குழியில்) நின்று மட்டும் பார்த்தவர் ‘புஷ் நல்லா இருக்கு’ என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பார்க்க வேண்டியவை இவை. ரப்பரின் மேல்தோலில் மட்டும் நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் அது வயதின் அடையாளம், உடனே மாற்ற வேண்டியதில்லை. வெடிப்பு ஆழமாகப் போய், ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் கிழிசல். உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. மற்ற பக்கப் புஷ்ஷையும் பார்த்து, சாய்வு அதன் அமைப்பிலேயே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புஷ்ஷைச் சுற்றிக் கருமையான ஈரம் இருந்தால் திரவம் நிரப்பிய புஷ் உடைந்து ஒழுகியிருக்கலாம். பிறை வடிவ இடைவெளியின் ஓரங்கள் வழவழப்பாக, ஒழுங்காக இருக்கும். கிழிசலின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல புஷ்களைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

சோதனை மூன்று, நெம்பிப் பார்ப்பது. நீளமான லீவரை ஆர்முக்கும் சப் ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து, முன்னும் பின்னுமாக நெம்புங்கள். ரப்பர் என்பதால் நல்ல புஷ்ஷும் அசையும். அசைகிறதா என்பதல்ல கேள்வி, எப்படி அசைகிறது என்பதுதான். நல்ல புஷ் எதிர்த்துக்கொண்டே அசைந்து, விட்டதும் திரும்பி வரும். போன புஷ்ஷில் முதலில் எதிர்ப்பே இல்லாத ஒரு வெற்று நகர்வு, அதன்பின் இரும்பு இரும்பில் படும் ‘டிக்’. லீவரை ஆர்மின் பலமான இடத்தில் கொடுங்கள். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறையிலோ ஏபிஎஸ் வயரிலோ படக் கூடாது.

கடைசியாகச் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, தொங்கும் நிலையிலேயே மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டத்தில் லூசு தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடவல ஆட்டத்தில் மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை). ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் மூட்டில் விரல் வைத்துப் பார்த்தால் எந்த மூட்டு என்று உடனே தெரியும்.

எவ்வளவு அவசரம்

மேல்தோல் வெடிப்பு மட்டும் என்றால் அடுத்த சர்வீஸில் மறுபடியும் பாருங்கள். பாதி கிழிந்து, பிரேக்கில் இழுக்கத் தொடங்கிவிட்டால் சில வாரங்களுக்குள் மாற்றுங்கள். இல்லையென்றால் புஷ்ஷில் மிச்சம் பிடித்த பணத்தை டயரில் கொடுப்பீர்கள். ரப்பர் முழுவதும் பிரிந்து இரும்போடு இரும்பு இடிக்கிறது என்றால் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். அவசரப் பிரேக்கில் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களால் கணிக்க முடியாது.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா

ஆர்மின் பால் ஜாயிண்ட்டும் ஆடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு ஆர்மாக மாற்றுங்கள். மூன்றும் புதிதாகக் கிடைக்கும், பிரஸ் வேலை மிச்சம். பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, புஷ் தனியாகக் கிடைத்தால் புஷ் மட்டும் போதும். எதை மாற்றினாலும் இடதும் வலதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புது ரப்பரின் விறைப்பு, மறு பக்கம் பழைய ரப்பரின் தளர்ச்சி என்று இருந்தால் பிரேக்கில் இழுப்பது போகாது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருக்களில் ஒரே ஆர்முக்கு நாலைந்து விலை சொல்வார்கள். கம்பெனி பாகத்தையோ, கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் பெட்டியையோ வாங்குங்கள். பெட்டியில் பாக எண், விலைச் சீட்டு, தயாரித்த மாதம் பாருங்கள். ரப்பர் கடை அலமாரியிலேயே இறுகிப் போகும் பொருள், பல வருடப் பழைய சரக்கு வேண்டாம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்ப வேண்டும். குழாயும் ரப்பரும் சேரும் இடத்தில் இடைவெளி தெரியக் கூடாது. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, பம்பர் வாங்கலாம். பழைய வண்டியில் கழற்றிய ஆர்மை புஷ்ஷுக்காக வாங்க வேண்டாம்.

டியூப் ரப்பரைச் சுற்றிப் பேக்கிங் வைப்பது, வாஷர் சொருகுவது, லேத்தில் நைலான் புஷ் கடைந்து போடுவது ஆகிய மூன்றையும் நான் எதிர்க்கிறேன். பேக்கிங் சில நாட்களில் நசுங்கிவிடும். நைலான் வளையாது, அதனால் பள்ளத்தின் அடி முழுவதும் போல்ட்டுக்கும் சப் ஃபிரேமின் பிடிமானத்துக்கும் போய்ச் சேரும். புஷ்ஷைக் காப்பாற்றப் போய் ஃபிரேமில் விரிசல் விழவைப்பது என்ன கணக்கு?

பாலியூரித்தேன் புஷ் வேறு விஷயம், அது முறையான பொருள்தான். ரப்பரைப் போல முறுக்கிக்கொள்ளாமல் உள்குழாயைச் சுற்றித் திரும்பும் அமைப்பு. எண்ணெய்க்கு அசையாது, நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் அதற்கேயான கிரீஸ் போட்டுப் பராமரிக்காவிட்டால் கீச்சிடும், ரோட்டின் அதிர்வும் உள்ளே கூடுதலாக வரும். குடும்பத்தோடு நகருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

மாற்றும் முறை

மாடலுக்கு மாடல் விவரம் மாறும். சில வண்டிகளில் முன்போல்ட்டை வெளியே இழுக்க கியர்பாக்ஸ் இடம் கொடுக்காது; எஞ்சினைக் கொஞ்சம் தூக்கவோ சப் ஃபிரேமைக் கொஞ்சம் இறக்கவோ வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவற்றுக்குப் பொதுவான வரிசை இது.

1. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும். இந்த ஒரு அளவுதான் கடைசியில் கைகொடுக்கும்.

2. வீல் நட்டுகளைத் தரையிலேயே கொஞ்சம் தளர்த்தி, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். எல்லாப் போல்ட்டுக்கும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். புதுப் புஷ்ஷின் மேல் இந்த ஸ்ப்ரே படக் கூடாது.

3. ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மோடு சேர்ந்திருந்தால் கழற்றுங்கள். பால் ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்த பிறகே ஆர்மைக் கீழே நெம்புங்கள். போல்ட் பாதியில் இருக்கும்போதே சுத்தியலால் அடித்தால் பால் ஜாயிண்ட்டின் தண்டில் உள்ள பள்ளம் சிதைந்துவிடும். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) விடுபட்டதும் அதை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு கழன்றுகொள்ளும். ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள்.

4. சப் ஃபிரேம் பக்கத்து இரண்டு போல்ட்டையும் எடுத்து ஆர்மை இறக்குங்கள். போல்ட் சுற்றியும் வெளியே வரவில்லை என்றால் உள்குழாயோடு துருவில் ஒட்டியிருக்கிறது. பொறுமையாக முன்னும் பின்னும் திருப்புங்கள். கடைசியில் போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றாலும் அதற்குத் தயாராக இருங்கள்.

5. பழைய புஷ்ஷை எடுக்கும் முன், அதன் இடைவெளிகள் எந்தத் திசையில் இருக்கின்றன, வெளிக்குழாய் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆர்மில் பெயிண்ட்டால் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் புஷ் அதே திசையில் ஏற வேண்டும். திசை மாறினால் மென்மையாக இருக்க வேண்டிய பக்கம் விறைப்பாகிவிடும்.

6. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எடுத்து, பிரஸ்ஸிலேயே ஏற்றுங்கள். அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். ரப்பரிலோ உள்குழாயிலோ அழுத்தினால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ரப்பர் குழாயிலிருந்து பிரிந்துவிடும். கேஸ் வெல்டிங் தீயில் ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நச்சுப் புகை ஒரு பக்கம். ஆர்மின் இரும்பும் சூட்டில் பலம் இழக்கலாம். அனுமதிக்காதீர்கள். ஏற்றும் துவாரத்தைச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினால் போதும். கிரீஸ் வேண்டாம்.

7. ஆர்மை மாட்டி, பால் ஜாயிண்ட் போல்ட்டை அதற்குரிய அளவில் இறுக்குங்கள். சப் ஃபிரேம் பக்கத்து இரண்டு போல்ட்டையும் கையால் பிடிப்பு வரும் அளவுக்கு மட்டும் ஏற்றி நிறுத்துங்கள்.

இந்த ஏழாவது படியில் பெரும்பாலான பட்டறைகள் தவறுகின்றன. வண்டி லிஃப்ட்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நியூமேட்டிக் கன் வைத்து ‘டர்ர்ர்’ என்று இறுக்கிவிடுவார்கள். என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்ம் 35 செ.மீ. நீளம், தொங்கும்போது சக்கரம் 9 செ.மீ. கீழே இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் உள்குழாயைப் பூட்டிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் சுமார் 15 டிகிரி முறுக்கிய நிலையில்தான் எப்போதும் இருக்கும். வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு ஓயாது. ஓடும்போது ஸ்பீடு பிரேக்கரின் முறுக்கு அதன் மேல் சேரும். ‘போன வருஷம்தான் மாற்றினேன், அதற்குள் கிழிந்துவிட்டது, டூப்ளிகேட் பாகம்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சரியான வழி: சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, கையால் தள்ளி முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள்; டயர் இறங்கும்போது ஏற்பட்ட இழுவை விட்டுப் போகும். முன்பு எழுதிவைத்த அளவு வந்துவிட்டதா என்று டேப் வைத்துப் பாருங்கள். பிறகு பிட்டில் இறங்கி, டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். நான்கு தூண் லிஃப்ட் என்றால் வண்டி சக்கரத்தின் மேலேயே நிற்கும், அதிலும் செய்யலாம். பிட் இல்லாத இடத்தில், வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பால் ஜாயிண்ட்டுக்குக் கீழே ஜாக்கி வைத்து அந்த அளவு வரும்வரை ஆர்மைத் தூக்கி இறுக்கலாம். ஆனால் வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் கண் வைத்திருக்க வேண்டும்.

சில வண்டிகளில் பின்புஷ் செங்குத்தாக, போல்ட் மேலிருந்து கீழாகப் போகும்படி இருக்கும். அதில் ரப்பர் முறுக்கிக்கொள்வதில்லை, சாய்ந்து கொடுக்கிறது. எனவே அந்த ஒரு போல்ட்டுக்கு இந்த விதி அவ்வளவு கடுமையானதல்ல. படுத்த நிலையில் உள்ள எல்லாப் புஷ்ஷுக்கும், பின்பக்க டார்ஷன் பீம் புஷ்ஷுக்கும் சேர்த்து, விதி மாறாது.

பட்டறையில் கொடுக்கிறீர்கள் என்றால் வேலை தொடங்கும் முன்பே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ஆர்ம் போல்ட்டு ரெண்டையும் மேல வெச்சு டைட் பண்ணிடாதீங்க. வண்டிய கீழ இறக்கி, வெயிட்டு உக்காந்ததுக்கு அப்புறம் ஃபைனல் டைட் பண்ணிக்கலாம்.” விஷயம் தெரிந்த மெக்கானிக் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ‘அதெல்லாம் தேவையில்ல சார்’ என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பின்பக்கப் புஷ்

டார்ஷன் பீம் புஷ் மெதுவாகத்தான் கெடும். ஃபிளைஓவரின் இணைப்புகளில் பின்பக்கம் ஒரு கணம் பக்கவாட்டில் நழுவுவது போலவும், லேன் மாறும்போது பின்பக்கம் தாமதமாகப் பின்தொடர்வது போலவும் தெரியும். பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் சத்தம் கேட்கும். இதை எடுக்க அதற்கேற்ற இழுப்பான் கருவி வேண்டும், ஏற்றும் கோணமும் முக்கியம். அது இல்லாத இடத்தில் கொடுக்க வேண்டாம்.

மாற்றிய பிறகு

வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதே நாளில் முடியாவிட்டாலும், நீண்ட பயணம் போவதற்கு முன்பு செய்துவிடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக, திருத்தமாகத் தெரியும். அது புது ரப்பரின் இயல்பு.

பழைய புஷ்ஷைப் பட்டறையிலேயே விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். முறுக்கு விசை உள்குழாயை ஒட்டிய இடத்தில்தான் மிக அதிகம். எனவே அங்கே வட்டமாகச் சுற்றிக் கிழிந்திருந்தால், முன்பு மாற்றியவர் சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் பள்ளத்திலும் பிரேக்கிலும் வாங்கிய அடி. ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, விரலில் கறுப்பாக ஒட்டினால் எண்ணெய் பட்டிருக்கிறது. அப்படியென்றால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, ஆயில் சீலோ ஸ்டியரிங் ஹோஸோ எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே புதுப் புஷ்ஷை மாட்டச் சொல்லுங்கள்.